கிடைத்தது என்ற சொல்

1

பழைய பொருள்களை விரும்பிச் சேர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு: கிடைத்தது. 'பழைய சிங்கர் ஒன்று கிடைத்தது.' 'காரைக்காலில் ஒரு ஜெர்மன் மிஷின் கிடைத்தது.' நானும் பல வருஷங்கள் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். தமிழில் இந்த வினை தரும் வசதி பெரிது. கொடுத்தவர் யார் என்று வாக்கியம் கேட்பதில்லை. 'வாங்கினேன்' என்றால் யாரிடம், என்ன விலைக்கு என்ற கேள்விகள் உடனே பின்னால் வந்து நிற்கும். 'எடுத்துக்கொண்டேன்' என்றால் ஒரு குற்றத்தின் சாயல் விழுந்துவிடும். 'கிடைத்தது' என்னும்போதோ பொருள் தானே நடந்து வந்து நம் வாசலில் நின்றதுபோல் ஆகிவிடுகிறது. மழை பெய்தது, பொழுது விடிந்தது என்பவற்றோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது.

சேகரிப்பவர்கள் தேடி அலைந்த கதையைச் சொல்வார்கள். துருவை நீக்கிய கதையையும், முதல் தையல் விழுந்த கணத்தின் பரவசத்தையும் விரிவாகச் சொல்வார்கள். இடையில், பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன அந்த இரண்டு நிமிஷங்களைப் பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை. அந்த இரண்டு நிமிஷங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

கேள்வியைச் சுருக்கமாக இப்படி வைக்கலாம்: ஒரு பொருளின் மதிப்பை அறிந்தவன், அறியாதவரிடமிருந்து அதை வாங்கும்போது, தான் அறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவனா? ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு இதை யோசிப்பது அற்பமாகத் தோன்றலாம். அறம் என்றாலே நமக்குக் காவியப் பாத்திரங்களும், அரியணைகளும், எரியும் நகரங்களும் வேண்டியிருக்கின்றன. ஆனால் எரிந்த நகரத்தின் கதையும் ஒரு கடைத்தெரு வியாபாரத்தில்தான் தொடங்குகிறது. சிலம்பைக் கையில் வாங்கிப் பார்த்த பொற்கொல்லன் அறிந்தவன். அதை நீட்டிய கோவலன் அறியாதவன். மற்றவையெல்லாம் அந்த இடைவெளியிலிருந்து கிளம்பியவை.

2

புதுவையிலிருந்து கடலூர் போகும் சாலையில், தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பிப் போனால் நல்லவாடு. கடலோர மீனவர் ஊர். எட்டு வருஷங்களுக்கு முன்னால், அங்கே ஒரு வீட்டில் பழைய மிஷின் சும்மா கிடப்பதாக நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில் போனேன். வீட்டின் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் சார்ப்புக்குக் கீழே, கிழிந்த வலைக் குவியலுக்குப் பக்கத்தில் அது நின்றது. இரும்புக் கால், மிதிப்பலகை, பெரிய சக்கரம், மேலே மரப்பலகை, அதன் மேல் கறுத்த தலை. தலையில் எகிப்திய ஸ்பிங்க்ஸ் உருவம் பொன் நிறத்தில். துணி வந்து போகும் முன்விளிம்பில் மட்டும் பொன் முழுக்கத் தேய்ந்து, கறுப்பும் தேய்ந்து, இரும்பு தெரிந்தது.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடம்போல் முன்னும் பின்னும் ஆடும் ஷட்டில் கொண்ட பழைய சிங்கர். எண் தகட்டைத் துணியால் துடைத்தேன். 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கியது. அந்த எழுத்தில் தொடங்கும் எண்கள் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்த மிஷின்களுக்கு உரியவை. பெரும்பாலும் 1910க்கும் 1920க்கும் இடைப்பட்ட காலம். நூறு வயது. இவையெல்லாம் மனசில் ஓடும்போது என் முகம் எதையும் காட்டாமல் இருந்தது. இந்த முகத்தைப் பயிற்சியால்தான் பெறுகிறோம். முதல் சில மிஷின்களை வாங்கும்போது என்னிடம் அது இல்லை.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மிஷின் வந்த கதையைச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் போன வருஷம், அதாவது 1954இல், டவுனில் கப்பலேறத் தயாரான ஒரு குடும்பம், வீட்டுக்கு வீடு கூடைமீன் விற்ற அவருடைய தாயாருக்கு மீன் பாக்கி வைத்திருந்தது. பாக்கிக்கு ஈடாக மிஷினைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாய் அதில் தைக்கப் பழகி, மகளுக்கும் பழக்கினார். ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையின் பிட்டுத் துணிகள் மலிவாக வரும் காலத்தில் பாவாடையும் ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தது அதில்தான். (அந்த ஆலையும் 2020இல் மூடப்பட்டுவிட்டது.) 2004இல் கடல் உள்ளே வந்தபோது மிஷின் உப்புத் தண்ணீரில் நின்றது. கழுவித் துடைத்து எண்ணெய் விட்டுக் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறார். பிறகு இறுகிப்போயிற்று. நிவாரணமாக ஒரு புது மிஷின் வந்தது. பழையது பின்பக்கம் போனது.

'காயலான் கடைக்காரன் ஆயிரத்தி எரநூறு தரேன்னான். நீ ஒரு முந்நூறு சேத்துக் குடு தம்பி' என்றார்.

இதே மாதிரியான ஒன்றுக்கு டவுனில் பழம்பொருள் கடையில் பதினைந்தாயிரம் சொன்னதை அந்த மாதம்தான் கேட்டிருந்தேன். ஆயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பணத்தை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: 'தச்சிப் பாப்பியா, இல்ல வித்துடுவியா?'

'தைக்கத்தான் பெரியம்மா' என்றேன்.

3

என் தரப்பில் சொல்லக்கூடிய நியாயங்கள் நான்கு. ஆட்டோவில் மிஷினை ஏற்றித் திரும்பும் வழியிலேயே நான்கும் என் கையில் இருந்தன.

ஒன்று, விலையைச் சொன்னது அவர், கேட்டதைக் கொடுத்தேன். இரண்டு, அவருக்கு அது இரும்பு. எடைக்குப் போட இருந்தது. நான் இல்லாவிட்டால் இன்று அது உருகிக் கம்பியாகியிருக்கும். மூன்று, சந்தை விலை என்பது துரு நீங்கி ஓடுகிற மிஷினுக்கு. அந்த வித்தியாசம் என் உழைப்பின் கூலி. நான்கு, நான் வியாபாரி இல்லை, விற்கப் போவதில்லை.

இவற்றில் எதுவும் புதிதில்லை. கி.மு. 44இல் ஸிஸெரோ தன் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு பிரச்னையை எடுத்துப் பேசுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு நல்ல மனிதன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறான். அதைத் தீவு மக்களுக்குச் சொல்ல வேண்டுமா, அல்லது வாயை மூடிக்கொண்டு நல்ல விலைக்கு விற்கலாமா? ஸ்டோயிக் ஆசிரியர் டயோஜனீஸ், சரக்கின் குறைகளைச் சொன்னால் போதும், அதற்கு மேல் சொல்லக் கடமையில்லை என்கிறார். மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் ஆன்டிபாட்டர், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்கிறார். மனிதர்களுக்கிடையே இருக்கும் பொதுவான பந்தத்தை வியாபாரம் ரத்து செய்துவிடுவதில்லை என்பது அவர் பக்கம். ஸிஸெரோ மாணவருடைய பக்கம் சேர்கிறார்.

இது விற்பவனின் பிரச்னை. வாங்குபவனைப் பற்றியும் அதே நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்கப் போகிறார். விலையை ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்கிறார். விற்பவர் சொல்கிறார். 'என் மதிப்பீடு இதைவிட அதிகம்' என்று ஸ்கேவோலா ஒரு லட்சம் செஸ்டர்ஸ் சேர்த்துக் கொடுக்கிறார். இது நல்லவன் செய்யும் காரியம், ஆனால் புத்திசாலி செய்யும் காரியம் இல்லை என்று ஊர் சொன்னதாம். நல்லவனும் புத்திசாலியும் இரண்டு பேர் என்று நினைப்பதுதான் எல்லாக் கேட்டுக்கும் ஊற்று என்கிறார் ஸிஸெரோ. வள்ளுவரும் வணிகத்தைப் பற்றிய தன் குறளை 'நடுவு நிலைமை' அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலக் கருதுவது என்ற அவருடைய அளவுகோல் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் பொது. அந்த மிஷின் என்னுடையதாக இருந்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்திருப்பேனா?

ஆகவே முதல் நியாயம் நிற்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன் என்பது, கேட்டவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக் கணக்கை முடித்தேன் என்பதுதான். இரண்டாவது, காப்பாற்றியவனின் வாதம். உலகத்தின் பெரிய மியூஸியங்கள் எல்லாம் இந்த வாதத்தின் மேல்தான் எழும்பி நிற்கின்றன. காயலான் கடையைக் காட்டி என்னை உயர்த்திக்கொள்வது எளிது. ஆனால் காயலான் கடைக்காரர் அதை இரும்பாகப் பார்த்து இரும்பின் விலையைச் சொன்னார். அவர் பார்த்ததும் சொன்னதும் ஒன்று. நான் பார்த்தது ஒன்று, கொடுத்தது வேறு. நேர்மை என்று பார்த்தால் அவர் என்னைவிட ஒரு படி மேல். நான்காவது நியாயம் இன்னும் பலவீனமானது. விற்காமல் வைத்துக்கொள்வதால் லாபம் ரூபாயாக மாறவில்லை, அவ்வளவுதான். அது என் வீட்டுக் கூடத்தில் பொன் எழுத்தோடு நிற்கிறது.

மூன்றாவது நியாயம் கொஞ்சம் கனமானது. உழைப்பைப் பற்றியது. அதற்கு மிஷினுக்குள் போக வேண்டும்.

4

உப்பில் நின்ற இரும்பை அவசரப்படுத்த முடியாது. எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்தேன். கைச்சக்கரத்தை வலிந்து திருப்பினால் உள்ளே ஏதாவது ஒடியும். நூலிழையளவு முன்னே, நூலிழையளவு பின்னே என்று அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் சக்கரம் கால் சுற்று வந்தது. பத்தாம் நாள் முழுச் சுற்று.

ஊசிக்குக் கீழே இருக்கும் நகரும் தகட்டை இழுத்துத் திறந்தபோது அடியில் நூல் பிசிறும் எண்ணெயும் சேர்ந்து கம்பளம்போல் இறுகிக் கிடந்தது. சாமணத்தால் அடுக்கடுக்காகப் பிய்த்தெடுத்தேன். நீலம், வெள்ளை, காக்கி, மறுபடி நீலம்; இடையிடையே மெல்லிய கடல் மணல். எத்தனை பள்ளிக்கூட ஜூன் மாதங்கள் அந்த அடுக்குகளில் இருந்தன என்று எண்ண முடியாது.

இந்த வகை மிஷினில் அடிநூல், பென்சில்போல் நீண்ட பாபினில் சுற்றிப் படகு வடிவ ஷட்டிலுக்குள் இருக்கும். ஊசி துணிக்குக் கீழே இறங்கிச் சற்று மேலெழும்போது மேல்நூல் ஒரு வளையமாகத் தளர்கிறது. அந்த வளையத்துக்குள் ஓடம் நுழைந்து அடிநூலை இழுத்துக்கொண்டு போகிறது. இரு நூல்களும் துணியின் கனத்துக்கு நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். மேல் இழுப்பு அதிகமானால் முடிச்சு மேலே தெரியும். கீழ் இழுப்பு அதிகமானால் கீழே. இரண்டும் சமமாக இருந்தால்தான் முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மாற்றி மாற்றிக் கந்தலில் தைத்துப் பார்த்த இரவுகளில் இழுப்பின் சமன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நல்லவாட்டில் நான் போட்ட முடிச்சு எந்தப் பக்கம் தெரிகிறது என்பது எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் உழைத்தேன். உண்மை. ஆனால் அந்த மாதத்தை நான் கூலி வேலையாகச் செய்யவில்லை, ஆசையாகச் செய்தேன். என் மாலைப்பொழுதுகளின் இன்பத்துக்கு அந்த அம்மாளின் பங்கிலிருந்து கூலி பிடித்துக்கொள்வது எந்தக் கணக்கில் சேர்த்தி? சரி, கூலி என்றே வைத்துக்கொண்டாலும், தட்டின் முன்விளிம்பில் பொன்னைத் தேய்த்து இரும்பைக் காட்டிய இரண்டு பெண்களின் ஐம்பது வருஷத்தை எந்த வரியில் எழுதுவது?

அந்தத் தேய்மானத்தை மறைக்க வழி உண்டு. அசலைப் போன்ற ஸ்பிங்க்ஸ் ஒட்டுப்படங்களை இப்போது விற்கிறார்கள். கறுப்பு வண்ணம் அடித்து, படத்தை ஒட்டி, மேலே வார்னிஷ் போட்டால் ஆலையிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல் ஆகிவிடும். வாங்கி வைத்தேன். ஒட்டவில்லை. பழுதுபார்ப்பது வேறு, பழையபடி ஆக்குவது வேறு என்று அப்போதுதான் பட்டது. பழுதுபார்ப்பவன் நாளைய வேலையை நினைக்கிறான். பழையபடி ஆக்குகிறவன் இடையில் நடந்தவற்றை அழித்து, யாரும் தொடாத ஒரு முதல் நாளை நாடுகிறான். நல்லவாட்டில் வலையைப் பின்னிச் சரிசெய்கிற மனிதரிடம் கேட்டால் இது எளிதாகப் புரியும். சில வருஷங்களில் ஒரு வலையில் பழைய கண்ணிகள் பாதிக்கு மேல் போய்விடுகின்றன. அது அதே வலைதானா என்று கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்ட கேள்வியை அவர் கேட்பதில்லை. மீன் நிற்கிறதா என்று பார்க்கிறார்.

ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. தேய்மானத்தை அழிக்காமல் விட்டவன் அதை ரஸிக்கத் தொடங்குகிறான். வந்தவர்களுக்கெல்லாம் நான் அந்த விளிம்பைக் காட்டினேன். மீன் பாக்கிக் கதையைச் சொன்னேன். கதை நன்றாக எடுபட்டது. பிறர் முதுகுவலியின் தடயம் என் ரஸனையின் பொருளாயிற்று.

கருவிகளின் மேல் நாம் கொள்ளும் காதலுக்கு அழகான பிறப்புக் கதைகள் தேவைப்படுகின்றன. 1924இல் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் (பின்னாளில் சௌந்தரம் அம்மாளோடு காந்திகிராமத்தை நிறுவியவர்) காந்தியிடம், எல்லா யந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். காந்தி தையல் மிஷினை விலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைக் கண்டு, அவள் மேல் கொண்ட அன்பால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையான ஐஸக் சிங்கர் நாடக நடிகர். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் உடையவர். பாஸ்டனில் ஒரு பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்த, பிறர் செய்த மிஷினைத் திருத்தி 1851இல் காப்புரிமை பெற்றார். அவரது கம்பெனி 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்து வீடுகளுக்குள் நுழைந்தது. அன்பு இருந்ததோ என்னவோ, கணக்கு இருந்தது. என் மிஷின் பிறந்த கிளைட்பேங்க் ஆலையில் 1911இல், மரப்பெட்டிகளுக்கு மெருகு போடும் 12 பெண்களின் வேலைப் பளு கூட்டப்பட்டதை ஒட்டி ஏறக்குறைய 11,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்தபின் பலர் வேலை இழந்தார்கள். ஆலையும் 1980இல் மூடப்பட்டது. என் மிஷினின் பலகைக்கு மெருகு போட்டவர்கள் அந்தப் பெண்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பலகையின் பளபளப்பைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேச இனி எனக்குக் கூசும்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். நம் பத்திரிகைகளும் ஒரு காலத்தில் டிரெடில் மிஷினில்தான் அச்சாயின. அச்சு எழுத்தின் பதிவைக் காகிதத்தின் பின்பக்கம் விரலால் தடவி உணர்வதைப் பற்றி நம்மில் பலர் உருகி எழுதியிருக்கிறோம். மங்கிய விளக்கில் ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோர்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் எத்தனை பேருடைய ஞாபகத்தில் இருக்கிறார்? நம் கவிதைக்கு அவர் வாங்கிய கூலி என்ன என்று யாருக்காவது தெரியுமா? நவீனப் பிரக்ஞையைக் கோர்த்துக் கொடுத்தவரும் நமக்குக் 'கிடைத்தவர்'தான்.

5

நல்லவாட்டுக்கு இன்னொரு கதை உண்டு. அது உலகம் அறிந்தது.

அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. கடல் அலைகளின் உயரம், காற்று, மீன்விலை போன்ற செய்திகளை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வது அதன் வேலை. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்தார். ஊருக்குப் போன் செய்தார். செய்தி மையத்துக்குப் போய், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. ஜனங்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். படகும் வீடும் போயின. ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. அன்று விட்டுவிட்டு ஓடிய பொருள்களில் ஒன்றுதான் என் கூடத்தில் நிற்கிறது.

ரோட்ஸ் தீவின் வியாபாரியும் இந்த இளைஞரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். கடலில் வந்துகொண்டிருப்பது என்ன என்று இருவருக்கும் தெரியும். கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒருவர் சொல்லலாமா என்று யோசிக்கிறார். மற்றவர் போனை எடுக்கிறார்.

உயிரையும் விலையையும் ஒப்பிடுவது முறையில்லை என்று சொல்லலாம். முறையில்லைதான். சுனாமி வருவது தெரிந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன், யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேள்வி அங்கே தீர்ந்துவிடவில்லை. அறிவு என்பது பெரும்பாலும் இருக்கும் இடத்தின் விளைவு. சிங்கப்பூரில் இருந்ததால் அவருக்குத் தெரிந்தது. டவுனில் பழம்பொருள் கடைகளுக்குப் போய்வருவதால் எனக்குத் தெரிந்தது. இருவரும் அதைச் சம்பாதித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. தற்செயலாக உயரத்தில் நிற்பவனுக்குத் தெரிவதெல்லாம் அவன் சொத்து என்று எந்தக் கணத்தில் ஆகிறது? உயிர் என்றால் பொது, ரூபாய் என்றால் தனியுடைமை என்று கோடு போட்டது யார்? அந்த ஊரில் ஒலிபெருக்கி தினசரி சொல்லிவந்தது மீன்விலையைத்தான் என்பதை நான் மறக்க முடியவில்லை. விலையைச் சொல்லிப் பழகிய குழாய் வழியாகத்தான் உயிரைக் காக்கும் செய்தியும் வந்தது. சின்ன விஷயங்களில் சொல்லிப் பழகாத வாய், பெரிய விஷயத்தில் தானே திறந்துகொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

6

இந்த இடத்துக்கு யோசித்து வந்து சேர எனக்கு ஏழு வருஷங்களுக்கு மேல் பிடித்தது. கடந்த தை மாதம், பத்தாயிரம் ரூபாயை ஒரு கவரில் வைத்துக்கொண்டு நல்லவாட்டுக்குப் போனேன். ஸ்கேவோலாவைப் போல் உணர்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு அதன் விலை இவ்வளவு, எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லாமல் வாங்கிவிட்டேன் என்று தயாரித்துக்கொண்டு போன வாக்கியங்களை ஒப்பித்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

'எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா தம்பி? டவுன்ல ஓட்டல்காரங்க கால வேற தலைய வேறயாக் கழட்டி, காலு மேல கல்லப் போட்டு மேச பண்றாங்க. எம் பேத்தி வேல செஞ்ச எடத்துலயே ரெண்டு கெடந்துது. பத்தாயிரத்துக்குக் கேட்டு ஆளு அனுப்பிச்சாங்க. நாந்தான் குடுக்கல. நீ மிஷினத் தடவிப் பாத்த மாதிரியப் பாத்து, தைப்பேன்னு சொல்லுவன்னு நெனச்சித்தான் அந்த வெல சொன்னேன். சொல்லவும் சொன்ன.'

கவரை நீட்டவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவரே கையை நீட்டினார். 'குடு. குடுக்கறத வேணாம்னு சொல்றதுக்கு நான் என்னா பைத்தியமா?' எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கேட்டார்:

'என்னா தச்ச?'

பதில் இல்லை. எட்டு வருஷத்தில் கந்தல் துணியில் வெள்ளோட்டம் பார்த்ததைத் தவிர அதில் நான் எதையும் தைக்கவில்லை. எண்ணெய் போட்டேன், துடைத்தேன், காட்டினேன், கதை சொன்னேன்.

திரும்பும் வழியில் என் வாதங்கள் முழுவதும் வேறு வெளிச்சத்தில் தெரிந்தன. இத்தனை வருஷமும் நான் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை: அவருக்குத் தெரியாது என்பதை. ஒரு மீனவப் பெண்மணிக்குத் தன் பொருளின் விலை தெரியாது என்று எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு நிமிஷத் தயக்கம்கூட வரவில்லை. என் மௌனத்தைப் போலவே என் குற்றவுணர்வும் அந்த மேட்டிமையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருந்ததால் என் மௌனம் மன்னிக்கப்பட்டுவிடவில்லை. தெரியாது என்று நம்பித்தானே மௌனமாக இருந்தேன். ஆனால் நான் பட்ட கடன் நான் எண்ணிக்கொண்டிருந்த கடன் இல்லை. அது ரூபாயில் தீரும் என்று நினைத்தேன். அவர் விலையைக் குறைத்து ஒரு வார்த்தையை வாங்கியிருந்தார். அந்த வார்த்தையை நான் வியாபாரத்தின் ஓரத்தில் கிடந்த உபசாரம் என்று எண்ணி மறந்துவிட்டேன். மீன் பாக்கிக்கு மிஷினைக் கொடுத்துவிட்டுப் போன குடும்பம்கூடக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் கப்பலேறியது.

எனக்குத் தைக்க வராது. மிதிப்பலகையில் கால் போகும் தாளத்துக்கும் துணியைத் தள்ளும் கைக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. கால் ஒரு கணம் தயங்கினால் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுகிறது. போன வாரம் ஒரு தலையணை உறை தைத்தேன். ஓரம் கோணலாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறேன்.